அண்ணன் மகள் திருமணத்தை அம்மாவுக்கு டிவியில் காட்டப் போய் நான் பட்ட பாடு

கடந்த தை மாதம் என் அண்ணன் மகளுக்கு மெல்பர்னில் திருமணம் நடந்தது. அம்மாவுக்கு 79 வயது. முழங்கால் வலியோடு எட்டு மணி நேரம் விமானத்தில் உட்கார வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதைவிடப் பெரிய சிக்கல் அவருடைய கண். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகும் நோய். ஓரமாக இருப்பவை தெரியும், நேராகப் பார்க்கும் இடம்தான் புகைமூட்டமாக இருக்கும். எதிரில் ஆள் வந்து நின்றால் சேலை தெரிகிறது, முகம் தெரியவில்லை என்பார். அவரைத் தனியே விட முடியாது என்பதால் நானும் போகவில்லை. அண்ணன் புறப்படும்போது, தன் கல்யாணத்துக்குத் தன் அப்பா போட்ட கல் அட்டிகையை அம்மா கொடுத்தனுப்பினார். பேத்தி அதை முகூர்த்தத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், அதைத் தான் பார்க்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டில் தீபாவளி விலைக்கழிவில் வாங்கிய 55 அங்குல 4கே டிவி இருக்கிறது. நாற்காலியை நான்கடி தூரத்தில் போட்டு உட்கார்ந்தால் அதில் வரும் முகங்கள் அம்மாவுக்கு ஓரளவு பிடிபடும். என் மடிக்கணினியின் திரை 14 அங்குலம், அகலம் ஓரடி. டிவியின் அகலம் நான்கடி. அதே முகம் டிவியில் நான்கு மடங்கு அகலமாகத் தெரியும். அண்ணன் திருமணத்தை ஸூமில் காட்டுவதாகச் சொன்னார், ஏனென்றால் தாலி கட்டி முடிந்ததும் அம்மா பேசி ஆசீர்வாதம் செய்ய வேண்டும். சரி, மடிக்கணினியை டிவியோடு இணைத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். மூன்று வாரம் இருந்தது. ஒரு கேபிள் வாங்குகிற வேலைக்கு மூன்று வாரம் தாராளம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

என் மடிக்கணினி மெலிதானது. டிவிக்குப் படத்தையும் ஒலியையும் அனுப்ப, பழைய கணினிகளில் இருந்த அகலமான எச்டிஎம்ஐ துளை இதில் கிடையாது. இடப்பக்கம் ஒரு யூஎஸ்பி-சி, வலப்பக்கம் ஒரு யூஎஸ்பி-சி, கூடவே பென்டிரைவ் செருகும் சாதாரணத் துளை ஒன்று. சார்ஜரை வாங்கிய நாளிலிருந்து இடப்பக்கத்தில்தான் செருகுவேன். அது சார்ஜர் துளை என்றே என் மனதில் பதிந்துவிட்டது. அதனால் இணையக் கடையில் 29 ரிங்கிட் 90 காசுக்கு ஒருமுனை யூஎஸ்பி-சி, மறுமுனை எச்டிஎம்ஐ உள்ள கேபிளை வாங்கி, காலியாக இருந்த வலப்பக்கத்தில் செருகினேன். டிவியில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை அழுத்தி எச்டிஎம்ஐ 1, 2, 3 என்று எல்லாம் மாற்றிப் பார்த்தேன். விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் டூப்ளிகேட், எக்ஸ்டெண்ட் இரண்டையும் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மலிவான கேபிள், அதனால்தான் என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவுதான் என்னை வரிசையாகச் செலவு செய்ய வைத்தது. அடுத்து 79 ரிங்கிட்டுக்கு ஓர் அடாப்டர். அதோடு சேர்த்துப் போட, உறையில் பெரிய எழுத்தில் 8கே என்று அச்சிட்ட எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று, 45 ரிங்கிட். இரண்டும் வர ஐந்து நாள் ஆனது. ஆபீஸ் முடிந்து வந்து, சோறு கூட வடிக்காமல் பெட்டியைப் பிரித்துச் செருகினேன். மறுபடியும் சிக்னல் இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, 'வந்திருச்சாம்மா?' என்று இரண்டு தடவை கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் என்று சொன்னேன்.

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. கணினி, கேபிள், டிவி என மூன்று பொருள் சம்பந்தப்பட்ட விஷயத்தில் வேலை நடக்கவில்லை என்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். டிவி நல்லதா என்று அறிய, ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவிப் பெட்டியின் கேபிளைக் கழற்றி அதே துளையில் செருகினாலே தெரிந்துவிடும். கேபிள் நல்லதா என்று அறிய, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணினியில் செருகினால் போதும். இரண்டுக்கும் காசு செலவில்லை, மொத்தம் 20 நிமிட வேலை. எதையும் சோதிக்காமல் கேபிளையே மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கேபிளும் கைவிட்டதும் பயம் வந்துவிட்டது. வீட்டுக்கு அருகே உள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு மடிக்கணினியைக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் வலப்பக்கத் துளையில் ஒரு யூஎஸ்பி-சி பென்டிரைவைச் செருகிப் பார்த்துவிட்டு, 'உள்ளே லூசா இருக்கு, திறந்து பார்க்கணும்' என்றார். நான்கு நாள் வைத்துக்கொண்டு, சுத்தம் செய்ததாகவும் டிரைவர் மென்பொருளை மீண்டும் நிறுவியதாகவும் சொல்லி 120 ரிங்கிட் வாங்கினார். வீட்டுக்கு வந்து செருகினால் அதே நிலைதான். திரும்பப் போய்க் கேட்டபோது, கணினியில் கோளாறு இல்லை, டிவியில்தான் கோளாறு என்றார். அன்றைக்குத்தான் ஆஸ்ட்ரோ பெட்டியை வைத்து டிவியைச் சோதித்தேன். படம் பளிச்சென்று வந்தது. போகவர கிராப் டாக்சி நான்கு தடவை, 32 ரிங்கிட். அரை நாள் விடுப்பு இரண்டு. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

மலேசியாவில் இப்படி ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. நான் போகவில்லை. அந்தக் கடையில் ரசீது கேட்டு வாங்கவில்லை, என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்று எழுதியும் வாங்கவில்லை. எதைக் காட்டி வாதாடுவது? பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, 'இந்தத் துளையிலிருந்து டிவியில் படம் வர வேண்டும், வந்தால் இவ்வளவு கட்டணம்' என்று ரசீதில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் 120 ரிங்கிட்டை விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

திருமணத்துக்கு மூன்று நாள் இருந்தபோது கம்பியில்லாமல் காட்டலாம் என்று தெரிந்துகொண்டேன். விண்டோஸ் விசையோடு கே எழுத்தை அழுத்தினால் அருகிலுள்ள டிவியின் பெயர் வரும், அதைத் தொட்டால் கணினித் திரை அப்படியே டிவியில் தெரியும். தெரிந்தது. சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டு அண்ணன் அனுப்பிய நிச்சயதார்த்தப் படங்களைக் காட்டினேன். ஐந்து நிமிடம் பார்த்தோம், எல்லாம் நன்றாக இருந்தது. இனிக் கவலையில்லை என்று படுத்துவிட்டேன். அசையாத படத்தை ஐந்து நிமிடம் காட்டிப் பார்த்ததைச் சோதனை என்று நம்பினேன். ஸூமைத் திறந்து, அண்ணனையோ வேறு யாரையோ மறுமுனையில் உட்காரச் சொல்லி, ஒரு மணி நேரம் ஓட விட்டிருக்க வேண்டும்.

முகூர்த்தம் மெல்பர்ன் நேரம் காலை 9 மணியிலிருந்து 10.30. தை மாதத்தில் அவர்கள் நம்மைவிட மூன்று மணி நேரம் முன்னால் இருப்பார்கள், ஆகவே நமக்குக் காலை 6 மணி. நான்கு மணிக்கு எழுந்து குளித்து, விளக்கேற்றி, அம்மாவுக்குப் பட்டுச் சேலை கட்டிவிட்டேன். வெளியே கும்மிருட்டு. ஆறு மணிக்கு நாதஸ்வரம் டிவியில் கேட்டபோது அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தது வரை பார்த்தோம். பிறகு படம் நின்று நின்று வந்தது. ஒரு கட்டத்தில் ஐயர் கையைத் தூக்கியபடி அப்படியே உறைந்துவிட்டார், ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது. துண்டித்து மறுபடியும் இணைத்தேன், டிவியின் பெயரே வரவில்லை. அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது, யாரையும் கூப்பிடவும் முடியாது. கை நடுங்கியது.

'கெட்டிமேளம்' என்று யாரோ குரல் கொடுப்பது கேட்டது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மா மடியில் வைத்தேன். அம்மா குனிந்து, மூக்கு திரையில் உரசும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

'தெரியுதாம்மா?'

'தெரியுதுமா, நல்லாத் தெரியுது. அட்டிகை போட்டிருக்காளா?'

'போட்டிருக்காம்மா.'

'ம். தெரியுது.'

அவர் எனக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எல்லாம் முடிந்த பின் அடுப்படிக்குப் போய் நின்று அழுதேன். மூன்று வாரம் இருந்தும், பணம் செலவழித்தும், அந்த ஒரு நிமிடத்தை என்னால் அம்மாவுக்குக் காட்ட முடியவில்லை.

படம் ஏன் உறைந்தது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். திரையை அப்படியே கம்பியில்லாமல் அனுப்பும்போது, கணினி முதலில் ஸூம் படத்தை வைஃபை வழியாக வாங்க வேண்டும். பிறகு முழுத் திரையையும் நொடிக்குப் பல முறை படமாகச் சுருக்கி, அதே வைஃபை கருவி வழியாக டிவிக்கு அனுப்ப வேண்டும். கணினியில் இருப்பதோ ஒரே வைஃபை கருவி. வாங்குவதும் அனுப்புவதும் அதன் வேலைதான். எங்களைப் போல அடுக்குமாடியில் இருந்தால் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு என்று எல்லோருடைய வைஃபையும் அதே காற்றில் இருக்கிறது. படங்களைக் காட்டும்போது இந்தச் சுமை தெரியாது. நேரடி வீடியோ ஒரு மணி நேரம் ஓடும்போது தெரிந்துவிடும். முக்கியமான நிகழ்ச்சிக்குக் கம்பியை மட்டும் நம்புங்கள். முடிந்தால் வீட்டு ரௌட்டரிலிருந்து கணினிக்கும் லேன் கேபிள் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியில் இரண்டு இணைப்புகள் இருந்தன. முதலாவது ஸூம். இரண்டாவது, வீடியோ எடுத்தவர் யூடியூபில் நேரடியாகப் போட்டது. நான் இரண்டாவதைக் கவனிக்கவே இல்லை. என் கைப்பேசியில் யூடியூப் செயலியைத் திறந்து, அந்த இணைப்பைத் தொட்டு, மேலே உள்ள டிவிக்கு அனுப்பும் குறியை அழுத்தியிருந்தால் போதும். அப்படி அனுப்பும்போது கைப்பேசி படத்தைச் சுமப்பதில்லை. எந்த வீடியோ என்று டிவிக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிகிறது, டிவியே இணையத்திலிருந்து நேரே எடுத்துக்கொள்கிறது. அதனால் அது எளிதில் தடைபடாது. திருமணத்தை டிவியில் பார்த்துவிட்டு, ஆசீர்வாதம் செய்யும்போது மட்டும் ஸூமுக்கு வந்திருக்கலாம். கேபிளே தேவைப்பட்டிருக்காது. கணினியை டிவியோடு இணைக்கும் முன், இது டிவியிலேயே நேராக வருமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்த வீடியோ என்றால் பென்டிரைவில் போட்டு டிவியின் யூஎஸ்பி துளையில் செருகினாலே பெரும்பாலும் ஓடும்.

திருமணம் முடிந்த அடுத்த சனிக்கிழமை, வாங்கிய எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போனேன். செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி, ஹங் துவாவில் மோனோரயிலுக்கு மாறி, அடுத்த நிலையமான இம்பியில் இறங்கி நடந்தால் வந்துவிடும். இதை ஏன் முதல் வாரமே செய்யவில்லை என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒரு சிறிய கடையில் இருந்த சீன இளைஞரிடம் கதையைச் சொன்னேன். அவர் எதையும் விற்கப் பார்க்கவில்லை. மடிக்கணினியை வாங்கி, பக்கவாட்டில் கைப்பேசி விளக்கை அடித்து, வலப்பக்கத் துளையைக் காட்டி மலாயில் 'சினி தாக் போலே' என்றார். திருப்பி இடப்பக்கத்தைக் காட்டி 'சானா போலே' என்றார். இங்கே முடியாது, அங்கே முடியும். நான் முதன்முதலில் வாங்கிய 29 ரிங்கிட் 90 காசு கேபிளை எடுத்து, சார்ஜர் செருகும் இடப்பக்கத் துளையில் செருகி, கடைத் திரையில் மாட்டினார். அரை நொடியில் படம் வந்துவிட்டது.

கேபிளில் கோளாறு இல்லை, கணினியில் இல்லை, டிவியில் இல்லை. துளைதான் வேறு. கேபிள்கள் 153 ரிங்கிட் 90 காசு, பழுதுபார்த்த கூலி 120, கிராப் 32, ஆக 305 ரிங்கிட் 90 காசு. அந்தக் காசு போனால் போகட்டும், அந்தக் காலைப் பொழுது போனதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்துக்கு வைத்த பெயர். 2014இல் வந்தது, உள்ளே 24 முனைகள். அந்த வடிவத்தின் வழியாக மின்சாரம் போகலாம், கோப்புகள் போகலாம், படமும் போகலாம். ஆனால் எது போகும் என்பது கணினி செய்த நிறுவனம் உள்ளே என்ன இணைப்பு கொடுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. படம் போக வேண்டும் என்றால் அந்தத் துளைக்கு டிஸ்ப்ளேபோர்ட் வசதி இருக்க வேண்டும். ஒரே கணினியில் ஒரு துளைக்கு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

துளைக்குப் பக்கத்தில் அரிசி அளவில் ஒரு குறி இருக்கும், விளக்கு அடித்துப் பார்த்தால்தான் தெரியும். டி எழுத்துக்குள் பி எழுத்து இருப்பதுபோன்ற குறி இருந்தால் படம் போகும். அம்புமுனை கொண்ட மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட், அதிலும் படம் போகும். வெறும் யூஎஸ்பி சூலக்குறி மட்டும் இருந்தால் அதை நம்பிக் கேபிள் வாங்க வேண்டாம். மின்கலக் குறி சார்ஜ் ஏறும் என்பதை மட்டும் சொல்கிறது. சில கணினிகளில் வசதி இருந்தும் குறி போட்டிருக்க மாட்டார்கள். அப்போது கணினியைக் கவிழ்த்து அடியில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் விவரப் பட்டியலைப் பாருங்கள். எந்தத் துளைக்கு நேராக 'டிஸ்ப்ளேபோர்ட்' என்று எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் துளை. கைப்பேசியோடு வந்த சார்ஜர் கேபிளைக் கொண்டும் முயல வேண்டாம், அவற்றில் பலவற்றில் படத்தைச் சுமக்கும் கம்பிகளே கிடையாது. அதேபோல யூஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐ உள்ள கணினியிலிருந்து யூஎஸ்பி-சி திரைக்கு அதைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது.

அந்தத் தம்பியிடம் 119 ரிங்கிட்டுக்கு, ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் ஹப் ஒன்று வாங்கினேன். இந்தச் செலவு எனக்கு வருத்தமில்லை. படமும் சார்ஜரும் ஒரே இடப்பக்கத் துளையைக் கேட்கின்றன, வீடியோ அழைப்போ மின்கலத்தை வேகமாகக் குடிக்கிறது. ஹப்பில் எச்டிஎம்ஐ, சார்ஜர் செருகும் இடம், லேன் துளை மூன்றும் இருப்பதால் ஒரே துளையில் எல்லாம் முடிகிறது. வாங்கும்போது 4கே என்ற சொல்லோடு நின்றுவிடாமல் பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 அளவில் 4கே படம் நொடிக்கு 30 தடவைதான் மாறும். 2013இல் வந்த 2.0இல்தான் 60. மலிவான ஹப்கள் பல இன்னும் 30இல்தான் நிற்கின்றன. திருமண வீடியோ பார்க்க 30 போதும், ஆனால் ஆபீஸ் கணக்கையும் டிவியில் போட்டுப் பார்த்தால் 30இல் மவுஸ் அம்பு கைக்குப் பின்னால் இழுபட்டு வந்து எரிச்சலூட்டும். கணினியின் துளை, ஹப், கேபிள், டிவியின் துளை நான்கும் 60ஐத் தாங்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் எல்லாம் 30க்கு இறங்கிவிடும். கேபிளுக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீட்' முத்திரை போதும். நான் வாங்கிய 8கே கேபிள் என் டிவிக்குத் தேவையே இல்லை.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் படம் வந்துவிட்டது, ஆனால் இன்னும் சில சில்லறைத் தொல்லைகள் இருந்தன. திரையின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு, ஸூமின் கீழ்ப் பொத்தான்கள் தெரியவில்லை. இது டிவியின் பழைய பழக்கம், ஓரங்களைக் கொஞ்சம் பெரிதாக்கி வெளியே தள்ளிவிடும். டிவியின் பட அளவு அமைப்பில் 'ஃபிட் டு ஸ்கிரீன்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எழுத்துகளின் விளிம்பு மங்கலாக, நிறம் பிரிந்ததுபோல இருந்தது. டிவி இதைத் திரைப்படம் என்று நினைத்து நிற விவரத்தைக் குறைத்துக்கொள்கிறது. உள்ளீட்டுப் பட்டியலில் அந்த எச்டிஎம்ஐ துளையின் வகையை 'பிசி' என்று மாற்றினேன், எழுத்து கூர்மையாகிவிட்டது.

ஒலி கணினியிலேயே வந்துகொண்டிருந்தது. விண்டோஸின் ஒலிக் குறியைத் தொட்டு டிவியைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஸூம் மட்டும் பழைய இடத்திலேயே பேசியது, ஏனென்றால் ஸூமுக்கென்று தனியே ஒலிபெருக்கித் தேர்வு உண்டு. ஒலிவாங்கிப் பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள சிறு அம்பை அழுத்தினால் அந்தப் பட்டியல் வரும். டிவி சத்தமாக இருக்கும்போது ஒலிவாங்கியை அணைத்து வையுங்கள், பேசும்போது மட்டும் திறந்தால் எதிரொலிக்காது.

கண் பார்வை குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் இரண்டு விஷயம். ஸூமில் 40 பேர் சிறு சிறு கட்டங்களாக வந்தால் 55 அங்குலத்திலும் பயனில்லை. மணமேடையைக் காட்டும் கட்டத்தில் மூன்று புள்ளிகளைத் தொட்டு 'பின்' கொடுங்கள், அது மட்டும் திரை முழுக்க வரும். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி திறக்கும், மவுஸ் போகும் இடம் பெரிதாகும். முகத்தையோ நகையையோ தனியே காட்ட அது எனக்கு மிகவும் உதவியது. பெரியவர்களை உட்காரவைத்துவிட்டு அமைப்புகளைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். முந்தின நாளே எல்லாவற்றையும் மாட்டி, ஓடவிட்டு, கழற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் முழு வீடியோவையும் அனுப்பினார். ஞாயிறு காலை அம்மா தானாகவே அதே பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஹப்பை மாட்டினேன். முகூர்த்தம் தொடங்கும் இடத்தில் ஓடவிட்டு, தாலி கட்டும்போது நிறுத்தி, உருப்பெருக்கியைப் பேத்தியின் கழுத்துக்குக் கொண்டுபோனேன். அட்டிகையின் சிவப்புக் கற்கள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவில் தெரிந்தன. அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெல்ல டிவி அருகே போய், விரலால் அந்தக் கற்களை ஒன்றொன்றாகத் தொட்டு எண்ணினார்.

'நடுவுல ஒரு கல்லு மாத்தினது. உங்க தாத்தா பார்த்துப் பார்த்து வாங்கினாரு,' என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, 'அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியலம்மா,' என்றார்.

நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். 'இன்னொரு தடவை போடு, ஆரம்பத்திலிருந்து,' என்றார். போட்டேன்.